உடைஞ்ச காலுக்குள்ள ஒரு கம்பி

2015 செப்டம்பர் 15, ஐந்தோவன். பிஎஸ்வி கூட சாம்பியன்ஸ் லீக் மேட்ச். மான்செஸ்டர் யுனைடெட் டிஃபெண்டர் லூக் ஷா பந்தோட எதிரணி பாக்ஸுக்குள்ள நுழையறார். ஹெக்டர் மொரீனோ சறுக்கி வந்து டாக்கிள் போடறார். வலது காலில் டபுள் ஃப்ராக்சர். கிளிப்பைத் தேடிப் பார்க்காதீங்க, ப்ளீஸ்.

முழங்காலுக்குக் கீழே நமக்கு ரெண்டு எலும்பு. உள்பக்கம் தடிமனா இருக்கிறது டிபியா, வெளிப்பக்கம் ஒல்லியா இருக்கிறது ஃபிபுலா. எடையைப் பெரும்பாலும் தாங்குறது டிபியாதான். மேலிருந்து நேரா அழுத்தினா அது அசையாது. பக்கவாட்டில் வளைச்சாலோ முறுக்கினாலோதான் பிரச்சினை. ஃபுட்பால்ல ரெண்டுமே நடக்கும். பூட்ஸோட ஸ்டட் புல்லைப் பிடிச்சுக்கிட்டு பாதம் நகராம நிக்கும்போது, ஒருத்தர் காலோட நடுவில் இடிச்சா அது லேப்ல பார்த்த பெண்டிங் டெஸ்ட் மாதிரிதான். பாதம் மாட்டிக்கிட்டு உடம்பு மட்டும் திரும்பினா எலும்பு சுருள் சுருளா உடையும். ஷின் கார்ட் அடியைப் பரவலாக்கும், அவ்வளவுதான். முறுக்கு விசையை அது தடுக்காது.

இப்போ உங்க டிபியாவோட உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. தோலுக்கு அடியில் நேரா எலும்பு, நடுவில் சதையே இல்லை. அதனால உடைஞ்ச முனை சுலபமா தோலைக் கிழிச்சு வெளியே வந்துடும், கிருமி உள்ளே போயிடும். 1996 ஏப்ரல் 8-ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் கவென்ட்ரி வீரர் டேவிட் பஸ்ட்டுக்கு இப்படித்தான் ஆச்சு. முறிவோட சேர்ந்து இன்ஃபெக்‌ஷனும் வந்து பல ஆபரேஷன் ஆச்சு. அவர் மறுபடி தொழில்முறை ஃபுட்பால் ஆடவே இல்லை.

எலும்பு விலகாம இருந்தா மாவுக்கட்டே போதும். விலகியிருந்தா பெரும்பாலும் நெயில் போடுவாங்க. பேருதான் ஆணி, உண்மையில் நீளமான டைட்டானியம் கம்பி. முழங்கால் பக்கமா துளை போட்டு, எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கிற குழாய் வழியா கீழ வரை இறக்கி, கால் திரும்பிடாம இருக்க மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போட்டு லாக் பண்ணுவாங்க. ஜெர்மன் டாக்டர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-ல் தொடை எலும்புக்கு இந்த முறையைச் செஞ்சு காட்டினார். வெளியில பிளேட் வச்சா சுமை ஒரு ஓரமா விழும். கம்பி நடு அச்சிலேயே இருக்கு, எலும்போட சுமையைப் பங்கு போட்டுக்கும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அது முறிவை இரும்புப்பிடியா பிடிக்காது. அந்தச் சின்ன அசைவுதான் புது எலும்பு வளரத் தூண்டுது. அதனாலதான் டாக்டர் சீக்கிரமே காலை ஊன்றி நடக்கச் சொல்றார். எலும்பு சேர நாலு முதல் ஆறு மாசம் ஆகலாம், மறுபடி ஆட அதைவிட அதிகம். சிகரெட் பிடிச்சா இன்னும் தள்ளிப்போகும்.

ஷாவுக்கு ரத்தக்கட்டி வேற வந்துச்சு. காலையே இழந்திருக்கலாம்னு அவரே பின்னாடி சொன்னார். கிட்டத்தட்ட 11 மாசம் கழிச்சுதான் திரும்பி வந்தார். 2021 யூரோ ஃபைனலில் ரெண்டாவது நிமிஷமே கோல் அடிச்சது இதே ஆள்தான்.

முறிவைவிட பயப்பட வேண்டிய ஒண்ணு இருக்கு: கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். கீழ்க்கால் தசைகள் நாலு உறைகளுக்குள்ள இருக்கு. அந்த உறை விரியாது. உள்ளே ரத்தமும் வீக்கமும் சேர்ந்தா அழுத்தம் ஏறி, தசைக்குப் போற ரத்தம் நின்னுடும். சில மணி நேரத்துல தசை செத்துப்போகும். மருந்துக்கும் அடங்காத வலி, விரலை மெதுவா மேலே மடக்கினாலே உயிர் போற வலி, மரத்துப்போறது எல்லாம் இதோட அறிகுறி. உறையைக் கிழிச்சு அழுத்தத்தை இறக்குறதுதான் வைத்தியம். மாவுக்கட்டு போட்ட பிறகும் இது வரலாம், கட்டு டைட்டா இருந்தா ஆபத்து கூடும். "புதுக் கட்டு, வலிக்கத்தான் செய்யும்"னு ராத்திரி முழுக்க ரூம்ல படுத்துடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கிரவுண்டுல யாருக்காவது கால் போச்சுன்னா நேராக்க இழுக்காதீங்க, நாலு பேரா தூக்கிப் பைக்ல உட்கார வைக்காதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க. எலும்பு வெளியே தெரிஞ்சா சுத்தமான துணியால மூடினா போதும், உள்ளே தள்ள வேணாம். இருக்கிற நிலையிலேயே அட்டையோ ஸ்டம்ப்போ வச்சு லூசா கட்டுங்க. கேட்டாலும் ஜூஸ் வாங்கிக் கொடுக்காதீங்க, மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.