32-க்கு 32! எதிர்க்கட்சியே இல்லாத சட்டசபை

எதிர்வரிசையில் கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லாத சட்டசபையைப் பார்த்திருக்கிறீர்களா? சிக்கிம் மக்களுக்கு அது பழகிப்போன ஒன்று!

மொத்தமே 32 தொகுதிகள் கொண்ட குட்டி மாநிலம். 1989-ல் நர் பகதூர் பண்டாரியின் கட்சி 32 இடங்களையும் அள்ளியது. எதிரில் ஆளே இல்லை. ஆனால், எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே கிளம்பியது. பண்டாரியின் அமைச்சராக இருந்த பவன் குமார் சாம்லிங் தனிக்கட்சி தொடங்கி, 1994-ல் முதல்வரானார்.

அவரது சிக்கிம் ஜனநாயக முன்னணியும் 2009-ல் 32 இடங்களையும் பிடித்தது. மறுபடி அதே கதை. சாம்லிங்கின் முன்னாள் அமைச்சர் பிரேம் சிங் தமாங், 2013-ல் சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சாவைத் தொடங்கினார். 2019-ல் 17 இடங்களில் வென்று, சாம்லிங்கின் 24 ஆண்டுக்கால ஆட்சியை முடித்துவைத்தார்.

2024-ல் தமாங் கட்சிக்கு 31 இடங்கள். போட்டியிட்ட இரண்டு தொகுதிகளிலும் சாம்லிங் தோற்றார். அவர் கட்சியில் ஜெயித்த ஒரே எம்.எல்.ஏ-வும் சில வாரங்களிலேயே ஆளும் கட்சிக்குத் தாவிவிட்டார்!

இத்தனைக்கும் சாம்லிங் கட்சிக்கு விழுந்த வாக்குகள் சுமார் 27 சதவிகிதம். நூறு பேரில் 27 பேரின் குரலைச் சபையில் ஒலிக்க இன்று யாருமில்லை. ரோடு சரியில்லை, தண்ணீர் வரவில்லை என்றால், அவர்களுக்காக யார் எழுந்து நின்று கேட்பது?

எதிர்க்கட்சியைத் துடைத்தெறிந்த இரண்டு முதல்வர்களையும் வீழ்த்தியது, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள்தான். தமாங்குக்கு இது தெரியாமலா இருக்கும்?