உழைப்பும் இசையும்

நாமக்கல் மாவட்டத்தில் வானளாவி நிற்பது கொல்லிமலை. 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அதன்மேல் ஏறுதல் வேண்டும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. பாணர்க்கு வாரி வழங்கிய அவனது கொடையைப் புறநானூறு போற்றுகின்றது. இசைவாணரைப் புரந்த இம்மலை, கடும் உழைப்பாளரின் உறைவிடமும் ஆகும்.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றை வழிவழியாகப் பயிரிட்டு வந்தனர். சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. உரலில் இட்டு நெடுநேரம் குற்றினால்தான் அரிசி கிடைக்கும். வயலில் களைத்த பெண்டிரே வீட்டில் உலக்கையையும் பிடிக்க வேண்டியிருந்தது.

இத்தகைய உழைப்புக்குத் தமிழர் கண்ட துணையே பாட்டு. உலக்கை கொண்டு குற்றும்போது பாடும் பாட்டை வள்ளைப்பாட்டு என்பர். மலைநாட்டு மகளிர் இருவர் யானைக் கொம்பை உலக்கையாகக் கொண்டு, தலைவனைப் பாடியவாறே குற்றும் காட்சி கலித்தொகையில் வருகின்றது. ஓர் உரலில் இருவர் குற்றும்போது, ஒருவர் உலக்கை எழ, மற்றவர் உலக்கை விழுதல் வேண்டும். முறை தவறினால் இரண்டும் மோதும். பாட்டின் தாளமே அம்முறையைக் காத்தது. ஏற்றம் இறைத்தவர்களோ, இறைத்த சால்களின் எண்ணிக்கையையும் பாட்டிலேயே அமைத்துக்கொண்டனர்.

இசை உழைப்பை எளிதாக்குவது எவ்வாறு? தாளத்தைக் கேட்ட அளவில் உடல் அதனோடு இயைந்து அசைய முற்படுகின்றது. ஒரே சீராக இயங்குவதால் ஆற்றல் வீணாவதில்லை. மனம் பாட்டில் ஈடுபடுவதால் களைப்பும் மிகுதியாகத் தோன்றுவதில்லை. விரைந்த தாளமுடைய ராக் இசையைக் கேட்டவாறு இக்காலத்தார் உடற்பயிற்சி செய்வதும் இதனாலேயே.

மேலைநாட்டாரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில், 1940-ஆம் ஆண்டில், தொழிற்சாலைப் பணியாளர்க்கெனவே ஓர் இசை நிகழ்ச்சியைப் பி.பி.சி. வானொலி தொடங்கிற்று. ஆயினும், இடையிடையே கைதட்டத் தூண்டும் பாடல் ஒன்றை அது அந்நிகழ்ச்சியினின்றும் விலக்கியது. பணியாளர் கருவிகளை விட்டுக் கைதட்டத் தொடங்குவர் என்று அஞ்சியதே அதற்குக் காரணம்! பணிக்குப் பொருந்தாத இசை துணையாகாது, இடையூறே ஆகும். பாடம் படிக்கும் மாணவர்க்கும் இது பொருந்தும். சொற்கள் நிறைந்த பாடல் காதில் ஒலிக்க, நூலின் சொற்கள் கருத்தில் பதிதல் அரிது.

இசைக்கு மற்றோர் எல்லையும் உண்டு. அது களைப்பை மறப்பிக்குமேயன்றிச் சுமையை நீக்காது. குற்றும் துன்பமும் ஒரு காரணமாகக் கொல்லிமலையில் சாமைப் பயிர் குறைந்து, மரவள்ளி பெருகிற்று. 1990-களில் அங்குப் பணியாற்றத் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பின்னர்ச் சில ஊர்களில் உமி நீக்கும் பொறிகளை அமைக்க உதவியது. பெண்டிரின் கைகள் ஓய்வு பெற்றன.

பொறி வந்த இடத்தில் உலக்கை ஓய்ந்தது. உலக்கை ஓய்ந்தால் அதன் பாட்டும் மெல்ல மறையும். சுமை நீங்கியது நன்றே. ஆயினும், அச்சுமையைத் தாங்கத் துணைநின்ற பாட்டுகளைக் கேட்டு எழுதிக் காத்தல், அவற்றை அறிந்த மூதாட்டியர் வாழும் நாளிலேயே செய்யத்தக்க கடமையாகும்.