வண்டி கழுவும் வளவும் அயலார் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பொழியும் மழையே மண்ணில் ஊறி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குடைவுகளிலும் தங்கி, நமது கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. அக்கல்லின்மேற் கிடக்கும் செம்மண் பல இடங்களில் மெல்லிய போர்வை மாத்திரமே. ஆதலால் நிலத்தின்மீது நாம் ஊற்றுவது விரைவிலே கிணற்றைச் சென்று சேரக்கூடும். இதனை மனத்திற்கொண்டு நோக்கின், வீதியோரத்துச் சிறு வாகனக் கழுவு நிலையம் ஒன்றின் வளவைப் பேணுதல் வெறும் அலங்காரம் அன்று என்பது புலனாகும்.

எண்ணெய் கலந்த கிணற்றின் துயரம் நமக்குப் புதிதன்று. சுன்னாகம் சுற்றாடலில் மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் கிணறுகளை மாசுபடுத்திய வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. கழுவு நிலையம் மிகச் சிறியது. எனினும் நாள்தோறும் சொட்டும் துளிகளும் ஒன்று சேரும் அல்லவா?

தரையின் அமைப்பு

இரண்டு மூன்று பரப்புக் காணியில் நிலையம் அமைப்போர் பலர், சேறு படாதிருக்க வளவு முழுவதற்கும் சீமெந்து இட்டுவிடுகின்றனர். பார்வைக்கு அது துப்புரவே. ஆனால் மழைநீர் நிலத்துள் இறங்க வழியின்றி, தரையிற் படிந்த எண்ணெயையும் வாரிக்கொண்டு வீதிக் கானுக்கும் அயல் வளவுக்கும் ஓடுகின்றது. சீமெந்து வேண்டப்படுவது கழுவும் மேடைக்கும் வண்டி செல்லும் வழிக்குமே. எஞ்சிய நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிடலாம்.

மேடையைச் சுற்றிச் சிறு வரம்பும், மேலே கூரையும் வேண்டும். கூரை, வேலை செய்பவருக்கு நிழல் தருவதோடு, மழைவெள்ளம் எண்ணெய்ப் பொறியினுட் புகுந்து, அங்கே தேங்கிய எண்ணெயை வெளியே தள்ளாதவாறும் காக்கின்றது. இப்பொறி மூன்று அறைகள் கொண்ட எளிய தொட்டி. முதலறையில் மண் படியும். இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும். அடியிலுள்ள நீர் வளைகுழாய் வழியே மூன்றாவதற்குச் செல்லும். சவர்க்காரம் மிகுந்தால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறித் தப்பிவிடும். ஆகவே சவர்க்காரத்தை அளவோடு பயன்படுத்துதல் நன்று. சேர்ந்த சேற்றையும் எண்ணெயையும் வேலியோரத்திற் கொட்டலாகாது.

பயிரும் மரமும்

பொறியைக் கடந்த நீரும் முற்றாகத் தூயதன்று. அதனைக் கல்வாழையும் வெட்டிவேரும் நட்ட நீண்ட பாத்தியொன்றினூடே மெல்லச் செலுத்தலாம். பயிர்கள் ஓட்டத்தைத் தணிக்க, மாசு படிகின்றது. வேரடியில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய எண்ணெயிற் பெரும்பகுதியைச் சிதைக்கின்றன. நமது நிலம் வெடிப்புள்ள கல்லாதலின், பாத்தியின் அடியைக் களிமண்ணாலோ சீமெந்தாலோ அடைத்தல் இன்றியமையாதது.

கிணற்றடியில் வாழை வைத்துக் குளித்த நீரைப் பயனாக்கியது முன்னோர் கண்ட சிக்கனம். கழுவு நிலையத்து நீரிலோ எண்ணெயும், சில்லும் தடுப்பும் தேய்ந்த உலோகத் தூளும் உண்டு. ஆதலால் அங்கே வாழையும் கீரையும் உண்பதற்காக வளர்த்தல் தகாது.

நமது நீர் சுண்ணாம்பு மிகுந்தது. வெயிலில் உலர்ந்தால் வண்டியின் மீது வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். எனவே வண்டி துடைக்கும் இடத்துக்கு நிழல் தேவை. மேற்குப் புறத்து மரம் பிற்பகல் வெயிலை மறைக்கும். ஆயின் ஜாம் மரம் கூடாது. அதன் பழத்துக்காகப் பறவையும் வௌவாலும் வந்து எச்சமிடும். பூக்காலத்து மாமரத்தின் கீழும் பசைத்துளிகள் விழும். வேம்பு நன்று, இலையுதிர் காலத்தில் மாத்திரம் கானின் வாயை நாள்தோறும் கூட்டித் துப்புரவாக்க வேண்டும். எல்லையிற் கிளுவையோ பூவரசோ நட்ட உயிர்வேலி, தெறிக்கும் நீரையும் தூசியையும் அயலாரிடம் செல்லாது தடுக்கும். முகப்பிற்குச் செவ்வரத்தையும் வெட்சியும் போதும். களைகளை நஞ்சு தெளித்து அழித்தலினும், மழை பெய்த மறுநாட் கையாற் பிடுங்குதல் எளிது. நஞ்சும் கிணற்றையே நாடும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் இத்தகைய தொழில்களுக்குச் சுற்றாடற் பாதுகாப்பு உரிமத்தை விதிக்கின்றது. சட்டம் வேண்டியதே. எனினும் வண்டியைக் கொண்டு செல்லும் நாமும் ஒரு கேள்வி கேட்கப் பழகுதல் வேண்டும்: "இந்த நீர் எங்கே போகிறது, தம்பி?" இதற்கு நேரான விடையளிக்கும் நிலையத்துக்கே நமது வண்டியைக் கொடுப்போம். பத்து ரூபா கூடுதலாயினும் அது வீண்செலவன்று. நமது பிள்ளைகள் பருகும் நீருக்கு நாம் இடும் காவலாகும்.