நன்னீர் மீன்தொட்டியில் நத்தைப் பெருக்கமும் இயற்கை இரைகௌவிகளும்

நன்னீர் மீன்தொட்டிகளில் நத்தைகள் அளவின்றிப் பெருகுதல் மீன் வளர்ப்போர் பலரும் எதிர்நோக்கும் பிரச்சினையாகும். செப்புச் சேர்ந்த இரசாயனங்கள் நத்தைகளைக் கொல்லுமெனினும், இறால்களையும் கொன்று மீன்களுக்கும் தீங்கு விளைக்கும். இதனாலேயே, நத்தையுண்ணும் உயிரினங்களைத் தொட்டியில் விடும் உயிரியற் கட்டுப்பாட்டு முறை பெரிதும் விரும்பப்படுகின்றது. அம்முறையின் பயனையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நத்தைகள் பெரும்பாலும் நீர்த்தாவரங்களில் ஒட்டிய முட்டைகளாகவே தொட்டியை வந்தடைகின்றன. பைசா என்னும் நத்தை இருபாலுயிர். தன்னைத்தானே கருக்கட்டவும் வல்லது. மணலுட் புதைந்து வாழும் மெலனோயிடிஸ் நத்தையிலோ, பெண் ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனுகின்றது. எனவே ஒரு நத்தை எஞ்சினும் குடித்தொகை மீண்டும் பெருகலாம்.

இவற்றின் இரைகௌவிகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. தென்கிழக்காசியாவுக்குரிய ஹெலெனா நத்தை, நீண்ட உறிஞ்சியை நீட்டிப் பிற நத்தைகளை உண்கின்றது. சுமாத்திரா, போர்ணியோ ஆறுகளுக்குரிய கோமாளி லோச் மீன், ஓட்டினுள்ளிருக்கும் தசையை இழுத்துண்ணும். ஆயினும் 30 சதமமீற்றர் வரை வளரும் அது சிறு தொட்டிக்கு ஒவ்வாது. கேரள ஆறுகளில் வாழும் குள்ளப் பேத்தை மீன் மிகச் சிறியதெனினும், ஏனைய மீன்களின் செட்டைகளைக் கடிக்கும் இயல்புடையது.

இவற்றை விட்டதும் பிரச்சினை தீர்ந்துவிடுமா? சோவியத் உயிரியலாளர் கௌசே 1934இல் வெளியிட்ட சோதனைகள் இங்கு நினைவுகூரத்தக்கன. பரமீசியம் வாழ்ந்த கண்ணாடிக் குழாயில் அதனை உண்ணும் டிடினியத்தை அவர் விட்டார். டிடினியம் இரை முழுவதையும் தின்று தீர்த்துப் பின் தானும் பட்டினியால் மடிந்தது. குழாயின் அடியில் வண்டல் இருந்தபோதோ, அதனுள் ஒளிந்த பரமீசியம் பிழைத்துப் பெருகியது. இரைகௌவி மட்டும் அழிந்தது.

மீன்தொட்டியும் அத்தகைய மூடிய உலகமே. மணலும் கற்களும் நத்தைகளுக்கு ஒளிவிடமாகின்றன. எஞ்சிய மீனுணவும் அழுகிய இலைகளும் பாசியும் அவற்றுக்கு உணவாகின்றன. இவ்வுணவு மிகுந்திருக்கும்வரை, இரைகௌவி விளைவைக் குறைக்குமேயன்றிக் காரணத்தை அகற்றாது. ஆகவே மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுதல், இறந்த இலைகளை நீக்குதல், மாலையில் வெள்ளரித் துண்டொன்றை இட்டு அதில் மொய்க்கும் நத்தைகளைக் காலையில் அகற்றுதல் என்பன முதலில் செய்யப்படல் வேண்டும். இரைகௌவி இவற்றுக்குத் துணையாகவே அமையலாம்.

அவ்விரைகௌவி தொட்டிக்கு வெளியே சென்றால் விளைவு பாரதூரமானதாகலாம். ஹெலெனா நத்தை சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் நிலைகொண்டமை 2016இல் அறிவிக்கப்பட்டது. தரைவாழ் நத்தைகளின் வரலாறு இதனினும் கசப்பானது. ஆபிரிக்கப் பெருநத்தையை ஒழிக்கவென 1977இல் பசுபிக்கின் மூரியாத் தீவில் அமெரிக்க ஊனுண்ணி நத்தையொன்று விடப்பட்டது. பத்தாண்டுகளுள் அத்தீவுக்குரிய பாட்டுலா நத்தையினங்கள் பெரும்பாலும் அழிந்தன.

எனவே இரைகௌவியை வாங்குபவர், இரை தீர்ந்தபின் அதற்கு எவ்வுணவை அளிப்பது என்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். தொட்டியின் உயிரினங்களையோ தாவரங்களையோ வாய்க்காலிலும் குளத்திலும் கொட்டுதல் எக்காரணங்கொண்டும் தகாது.