எருமை இறங்காத ஏரி

ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள், அதை மனிதக் கை படாத இடம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்; மிச்சம் நீர்க்கடம்பும் கருவேலமும் புல்வெளியும். 350க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் இங்கே இயற்கை தந்தது ஒரு பள்ளம் மட்டும்தான். 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் கரை எழுந்தது. பின்னால் வந்த சமஸ்தானத்தார், வாத்து வேட்டைக்காகக் குறுக்குக் கரைகளும் மதகுகளும் கட்டி நீரைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் சுடப்பட்டவை 4,273 பறவைகள். அந்தக் கணக்கைப் பெருமையோடு கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மனிதர் உண்டாக்கிய இப்படிப்பட்ட ஏரியை, மனிதரை வெளியேற்றியே காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

அந்த நம்பிக்கை ஒருமுறை சோதித்தும் பார்க்கப்பட்டது. தேசியப் பூங்கா ஆனதும், 1982 நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. தலைமுறைகளாக எருமைகளை உள்ளே ஓட்டிவந்த கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மேய்ச்சல் கூடாது என்று சொன்னவர்களில் பறவையியலாளர் சலீம் அலியும் ஒருவர். அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980இலேயே இங்கே பத்தாண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. பின்னாளில் கோவை ஆனைக்கட்டியில் சலீம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரான வி.எஸ். விஜயன்தான் அதை நடத்தினார். எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தட்டிக்கேட்க ஆளில்லாமல் மண்டியது. திறந்த நீர்ப்பரப்பு குறுகியது, மீன்கள் குறைந்தன, நீர்ப்பறவைகளுக்கும் இடம் சுருங்கியது. அளவோடு எருமைகளை மேயவிடலாம் என்று ஆய்வு பரிந்துரைத்தது. தங்கள் பக்கத்து வாதத்துக்கே எதிரான முடிவை மறைக்காமல் எழுதியது, நம் நாட்டு அறிவியலில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

கதவைத் திறந்தால் எருமைகள் மந்தை மந்தையாக வந்துவிடும், நாரைகள் கூடு கட்டும் கருவேல மரங்களையும் கிராமத்தார் ஒடித்துவிடுவார்கள் என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்கு மருந்து எண்ணிக்கைக் கட்டுப்பாடு. முழுத் தடை அல்ல. கிராமத்தார் கையால் புல் அறுத்துப்போக அனுமதித்ததும், 2000களின் பிற்பகுதியில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி விறகை அவர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னதும் இந்த வழிதான். இன்னொரு மறுப்பு கனமானது: பூங்கா நலிந்தது எருமை இல்லாததாலா, தண்ணீர் இல்லாததாலா? தண்ணீர்தான் பெரிய காரணம், அதில் சந்தேகமில்லை. கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை வந்தபின் கம்பீர் ஆற்று நீர் குறைந்தது. 2004இல் விவசாயிகளின் எதிர்ப்பால் அணை நீர் மறுக்கப்பட்டது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் இது என் கட்சிக்கு எதிரான சாட்சி அல்ல. ஆண்டுதோறும் யாரோ முடிவெடுத்துத் திறந்துவிட்டால்தான் நிரம்புகிற ஏரியைத் தானாகப் பிழைக்கும் காடு என்று எப்படிச் சொல்வது? சைபீரியக் கொக்குகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2002க்குப் பிறகு அவை இங்கே வராததற்கு, வலசைப் பாதை நெடுக நடந்த வேட்டைக்குப் பெரும் பங்குண்டு. எல்லாப் பழியையும் ஒரு புல்லின் மேல் போடுவது ஆய்வாகாது.

பரத்பூர் போகிறவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுங்கள். ஓட்டுகிறவர்களில் பலர் பறவைகளை நன்றாக அறிந்தவர்கள். பறவையின் பெயரைக் கேட்டு முடித்ததும், இந்த ஆண்டு தண்ணீர் எந்த மாதம் வந்தது, எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.