குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய்: எந்த இன்சுலின் ஏற்றது?

மும்பை: குழந்தைக்குச் சர்க்கரை நோய் எனத் தெரிந்ததும் பெற்றோர் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஊசி இல்லாமல் மாத்திரையில் சரியாகாதா?" என்பதுதான்.

ஆகாது. சிறார்களைப் பெரும்பாலும் தாக்கும் முதல் வகை நோயில், இன்சுலினைச் சுரக்கும் கணைய செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முறையாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்கு உள்பட்டோரில் சுமார் 2.29 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது.

இரு முறைகள்: நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினுடன், ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் விரைவாகச் செயல்படும் இன்சுலினைச் செலுத்துவது ஒரு முறை. தினமும் நான்கு ஊசிகள் தேவைப்படும். உண்ணும் அளவுக்கேற்ப மருந்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் மருத்துவர்கள் இதையே பெரிதும் பரிந்துரைக்கின்றனர்.

காலை, மாலை என இரு வேளை கலவை இன்சுலின் செலுத்துவது மற்றொரு முறை. ஊசிகளும் செலவும் குறைவு. ஆனால், குறித்த நேரத்தில் குறித்த அளவு உணவு கட்டாயம். தானியங்கி பம்ப் கருவியின் விலையோ லட்சங்களைத் தொடும்.

சிரிஞ்சில் கவனம்: மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும், 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் பயன்படுத்த வேண்டும். மாற்றிப் பயன்படுத்தினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும்.

தாராவியின் சிறு வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்ற கவலை வேண்டாம். அங்குள்ள கும்பார்வாடாவில் செய்யப்படும் மண்பானையே உதவும். பானையில் சிறிது நீர் ஊற்றி, நீர் புகாத டப்பாவில் குப்பியை வைக்கலாம். திறந்த குப்பியைச் சுமார் நான்கு வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கு ரயிலேறும் குடும்பங்கள், மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பது நல்லது.

நாட்டு மருந்தை நம்பியோ, காய்ச்சலில் குழந்தை சாப்பிடவில்லை என்றோ இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற மருத்துவரைக் கேட்க வேண்டும். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு ஆகியவை ரத்தத்தில் அமிலம் கூடுவதன் அறிகுறிகள். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல், சயான் போன்ற அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டும்.