சின்னச் சக்கரத்துக்கு வேக மோட்டார்!

மாணவர்களே, 26 அங்குலச் சக்கர மிதிவண்டியில் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடிய ஹப் மோட்டாரை, 20 அங்குலச் சக்கர மடிப்பு மிதிவண்டியில் பொருத்தினால் வேகம் குறையும். ஏன் தெரியுமா?

ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவில் அமர்ந்து அதைச் சுழற்றுகிறது. ஒரு சுற்றில் பெரிய சக்கரம் சுமார் 2.07 மீட்டர் நகரும், சிறியது 1.6 மீட்டர்தான். நிமிடத்திற்கு 200 சுற்று என்றால், பெரியதன் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். சிறியதன் வேகம் 19. அதே 25ஐ எட்டச் சிறிய சக்கரம் 260 முறை சுழல வேண்டும். அதற்குக் கம்பிச் சுற்றுகள் குறைந்த, வேகமாகச் சுழலும் மோட்டார் தேவை.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அதே முறுக்கு விசைக்கு வேக மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும். செலாயாங் மேடுகளில் ஏறும்போது கம்பிகளும் கட்டுப்பாட்டுக் கருவியும் சூடேறும். சிறிய சக்கரம் சாலையை 1.3 மடங்கு வலுவாகத் தள்ளுவது மட்டும் ஆறுதல்.

இன்னும் வேகமான மோட்டார் வாங்கலாமா? வேகம் 25இலிருந்து 35 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகும்!

முதலில் டயரில் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்து பாருங்கள். கணக்குப் போட்ட பிறகு மோட்டாரைத் தேடுங்கள்.